அன்ரன் அண்ணையின் பிள்ளையும் என் பிள்ளையும்

செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லத்துக் குசினியில் நின்று உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் போன் எடுக்கக்கூடாது. ஆனால் சட்டைப்பையில் அது அதிர்ந்தால் எடுக்காமல் இருக்க என்னால் முடியாது. நல்ல செய்தி சொல்ல ஒருவரும் பகலில் அடிப்பதில்லை என்பது என் எண்ணம். தமிழ்ப் பள்ளியில் எங்களோடு படிப்பிக்கும் சுதா ரீச்சர்தான் அழைத்திருந்தாள். “அக்கா, அன்ரன் அண்ணை போயிட்டார். காலமை வேலையால வந்து படுத்தவராம். பிறகு எழும்பேல்லையாம்” என்றாள். “ஆர்?” என்று கேட்டேன். விளங்காமல் கேட்கவில்லை. இன்னொருமுறை சொன்னால் வேறு பெயர் வரும் என்று ஒரு நப்பாசை.

அழுது முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு. எங்கள் ஊர் நினைவேந்தல் நிகழ்வுகளையெல்லாம் ஓடியோடிச் செய்யும் தேவன் அண்ணை. துக்கம் விசாரித்துவிட்டு, “தங்கச்சி, செத்தவீட்டுக்கு ஆரணி அந்தப் பேச்சைப் பேசவேணும். முழுசா. கடைசிப் பந்தியோட” என்றார். ஆரணி என் மகள். அந்தக் கணத்தில் எனக்கு வந்தது துக்கம் மட்டும் அல்ல. எனக்குப் பயம் வந்தது. பல வருடமாக அடக்கி வைத்திருந்த அதே பயம்.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அந்தப் பேச்சு மனப்பாடமாக இருக்கும். பாசல், சூக் என்று சுவிஸின் மற்ற ஊர்களிலும் உங்கள் பிள்ளைகள் அதைப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அது எங்கிருந்து வந்தது, எங்கள் வீட்டில் அது என்ன செய்தது என்பது மிகச் சிலருக்குத்தான் தெரியும். அன்ரன் அண்ணையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அதை விட்டுவிட்டு அவர் நல்லவர், அமைதியானவர் என்று இரண்டு பக்கம் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் மன்னார்ப் பக்கம். யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தின் பின் இங்கே வந்து சேர்ந்தவர். தனி ஆள். பேர்னில் எங்கள் பூம்ப்ளிஸ் பகுதிக்குப் பக்கத்திலேயே பெத்லகேம் என்று ஒரு இடம் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு அடுக்குமாடியில் அறை எடுத்திருந்தார். “மன்னாரில இருந்து வெளிக்கிட்டு பெத்லகேமுக்கே வந்திட்டன், இனி ஒரு வேதக்காரனுக்கு என்ன வேணும்” என்று பகிடி விடுவார். இரவில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை. சனிக்கிழமைகளில் நித்திரை கொள்ளாமல் நேரே தமிழ்ப் பள்ளிக்கு வந்து ஐந்தாம் வகுப்பு எடுப்பார். பக்கத்து வகுப்பு என்னுடையது.

அவருடைய வகுப்புக் கதவு ஒருநாளும் சாத்தியிருந்ததில்லை. ஜன்னல்களும் அப்படித்தான், தை மாதத்துக் குளிரிலும் ஒன்றாவது திறந்திருக்கும். பிள்ளைகள் நடுங்க, பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பி நியாயம் கேட்டார். அடுத்த சனிக்கிழமை அன்ரன் அண்ணை பழைய பொருள் விற்கும் கடையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கம்பளித் தொப்பி வாங்கிவந்து வாசலில் வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம். ஆளுக்கொரு தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் திருக்குறள் சொன்னார்கள். நான் ஒருநாள் அவரிடமே கேட்டேன். “கதவைச் சாத்தினா பிள்ளையளின்ரை சத்தம் எனக்கு வேற மாதிரிக் கேக்குது தங்கச்சி” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆசிரியர் அறையில் இடைவேளைக்கு நாங்கள் யுத்தம் கதைப்போம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள்தான் அதிகம் கதைப்போம். எந்தப் பக்கத்தால் ஆட்களை விட்டிருக்கவேண்டும், எங்கே பிழைத்தது என்று மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளை நகர்த்தி நகர்த்திக் காட்டும் ஆட்கள் இருந்தார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2009 மே மாதம் இங்கே பேர்ன் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆரணியை இடுப்பில் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஆரணிக்கு அப்போது நான்கு வயது. அந்த நாளில் அவளுக்கு ஞாபகம் இருப்பது ஒரு பொலிஸ்காரர் கொடுத்த இனிப்பு மட்டும். இப்படி நாங்கள் கோப்பைகளை நகர்த்தும்போது, கடைசிவரை அங்கே நின்றுவிட்டு வந்த ஒரே மனிதர் எழும்பிப்போய் அந்தக் கோப்பைகளை வாங்கிக் கழுவிக்கொண்டிருப்பார்.

அப்படியானவரிடம் தேவன் அண்ணை ஒரு வருடம் போய், மே மாத நினைவேந்தலில் நேரில் கண்டதைப் பேசவேண்டும் என்று கேட்டார். அன்ரன் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். “எனக்கு மேடையில வாய் வராது தம்பி. வேணுமெண்டால் எழுதித் தாறன். ஒரு பிள்ளை பேசட்டும்” என்றார். எழுதியும் கொடுத்தார். அந்தப் பிள்ளையாக ஆரணியை அவரே கேட்டார். அவளுக்குப் பதினொரு வயது, அவருடைய வகுப்பில் இருந்தாள், குரல் கணீரென்று இருக்கும். எனக்கு ஒரே புளுகம், பெருமை பிடிபடவில்லை.

பேச்சு ஒரு பக்கந்தான். வழக்கமான மேடைத் தமிழ் இல்லை, வீட்டில் பிள்ளை கதைப்பதுபோல் எழுதியிருந்தார். பதுங்குகுழிக்குள் அயலாரோடு ஒரு சிறுமி இருக்கிறாள். ‘அப்பா தண்ணி எடுக்கப் போயிட்டார். சத்தம் போடாமல் இரு, வந்து கதை சொல்லுறன் எண்டவர். நான் சத்தம் போடேல்லை’ என்று அவள் சொல்கிறாள். வெளியில் கேட்கும் சத்தங்களைச் சொல்கிறாள். தாகமாக இருக்கிறது என்கிறாள். அப்பா வரும் காலடி கேட்கிறமாதிரி இருக்கிறது என்பதோடு பேச்சு நின்றுவிடும். எல்லாம் ‘நான்’, ‘நான்’ என்றுதான் வரும். எங்கள் மேடைகளில் அது புதிதல்ல. பேர்னில் பிறந்த பிள்ளை, குண்டு விழுந்ததை நான் கண்டேன், என் கண்முன்னே நடந்தது என்று பேசும். கீழே நாங்கள் கண்ணைத் துடைப்போம். அதில் ஏதும் பிழை இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதேயில்லை.

ஒத்திகையில் ஆரணி அவரைக் கேட்டாள். “அங்கிள், பதுங்குகுழி எப்பிடி இருக்கும்?” அவர் எழும்பிப்போய் ஜன்னலை இன்னும் அகலத் திறந்துவிட்டு வந்தார். பிறகு, “நீ பாத்த இருட்டான இடம் ஒண்டை நினைச்சுக்கொண்டு பேசு பிள்ளை. அது போதும்” என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது.

மண்டபம் அழுதது. பிறகு அடுத்த ஊரில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த ஊரிலும். ஆரணி பேசப்பேச எனக்குப் புளுகம் குறைந்து வேறு ஒன்று வர ஆரம்பித்தது. அவள் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் படுக்கமாட்டாள். அவளின் அப்பா அப்போது சூக்கில் ஒரு உணவகத்தில் வேலை, கிழமைக்கு இரண்டு நாள்தான் வீட்டில் நிற்பார். அவர் வெளிக்கிடும்போது இவள் வாசலில் நின்று “எத்தினை மணிக்கு வருவீங்கள்?” என்று திருப்பித்திருப்பிக் கேட்பாள். நான் அதை வளர்கிற வயது என்று என்னையே சமாதானப்படுத்தினேன். பயந்த சுபாவக்காரி நான். சும்மா இருமினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள். அதனால் என் பயத்தை நானே நம்புவதில்லை.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அவளுடைய சுவிஸ் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்தார்கள். உடனே வரச் சொன்னார்கள், தகப்பனும் வந்தால் நல்லது என்றார்கள். போனேன். வகுப்பு ரீச்சரோடு பள்ளிக்கூடத்துச் சமூகப் பணியாளரும் இருந்தார். மேசையில் ஆரணி ஜெர்மன் பாடத்துக்கு எழுதிய கட்டுரை. நான் பயந்த ஒரு நாள் என்பது தலைப்பு. ரீச்சர் அதை மெதுவாக வாசித்தார். இருட்டு. தடித்த இரும்புக் கதவு. சுவரோரம் அரிசி மூட்டைகள். அப்பா என்னைச் சத்தம் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தாகமாக இருந்தது. ஒருவரும் கதவைத் திறக்கவில்லை.

உங்கள் வீட்டுக்குக் கீழேயும் அது இருக்கும். யுத்தம் வந்தால் ஒளிக்கவென்று இந்த நாட்டார் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் கீழே கட்டிவைத்திருக்கிற நிலவறை. யுத்தம் வராதபடியால் நாங்கள் அதற்குள் அரிசி மூட்டையும் மீன் வைக்கும் பெரிய குளிர்ப்பெட்டியும் வைத்திருக்கிறோம். என் பிள்ளை கண்ட ஒரே இருட்டான இடம் அதுதான். காணாத பதுங்குகுழிக்கு அவள் கண்ட கதவைப் போட்டிருக்கிறாள். வாசித்த ரீச்சருக்கு என்ன தோன்றும்? இந்தத் தகப்பன் பிள்ளையை நிலவறைக்குள் வைத்துப் பூட்டுகிறான் என்றுதான் தோன்றும்.

“நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ஆனால் தெளிவு கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டியது எங்கள் கடமை” என்றார் சமூகப் பணியாளர். அந்த அலுவலகத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்குப் பயம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சு எங்கள் வீடுகளில் எப்போதும் உண்டு. போதாததற்கு எங்கள் குடியுரிமை விண்ணப்பமும் அப்போது பரிசீலனையில் கிடந்தது. நான் அது ஒரு பேச்சு, மேடைக்காகப் பாடமாக்கியது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். ரீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மேடைக்கான பேச்சு என்றால் ஏன் ‘நான்’ என்று எழுதியிருக்கிறாள்?” ஆரணியையும் உள்ளே கூப்பிட்டார்கள். கேட்டால் அவளோ, “அது நான்தானே பேசுறனான்” என்று அழுகிறாள். அவள் அப்படிச் சொன்னது எங்களுக்கு இன்னும் பாதகமாகப் போயிற்று.

வெளியே வந்து வீட்டுக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அன்ரன் அண்ணைக்கு அடித்தேன். நான் பாதி சொல்வதற்குள், “நில்லுங்கோ, வாறன்” என்றார். இரவு வேலை முடிந்து படுத்தவர், சேட்டுக் கொலர் ஒருபக்கம் மடிந்தபடி ஓடிவந்தார். அந்தச் சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. அதை அவர் பார்த்தார், திறக்கச் சொல்லவில்லை.

அவருக்கு ஜெர்மன் கொஞ்சந்தான் தெரியும். இருந்த சொற்களை வைத்துக்கொண்டு சொன்னார். “இது ஆரணி இல்லை. இது என் பிள்ளை. ஆரணி வீட்டில் நல்லம். என் பிள்ளை அங்கே. ஒன்பது வயது. நான் தண்ணீர் எடுக்கப் போனேன். நான் திரும்பி வந்தேன். இடம் இல்லை.” இடம் இல்லை என்று சொல்லும்போது இரண்டு கையாலும் மேசையைத் தடவி, மண் மூடியிருந்ததைக் காட்டினார். அத்தனை வருடம் பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு, அவருக்கு ஒரு பிள்ளை இருந்தது அப்போதுதான் தெரியும். மனைவி முன்னமே நோயில் இறந்ததும், தகப்பனும் மகளுமாகவே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைவரை போனதும் பிறகு கேட்டு அறிந்தவை. ரீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “உங்கள் மகளின் பெயர் என்ன?” என்று கேட்டார். சொன்னார். ரீச்சர் அந்தப் பெயரை ஒருமுறை தானும் சொல்லிப்பார்த்தார். அறிவிப்பு, அலுவலகம் என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் ஆரணி அவருக்கு எதிரே இருந்தாள். அழுகை முடிந்து கோபமாகியிருந்தாள்.

“அங்கிள், அது உண்மையா நடந்ததோ?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஏன் என்னை ‘நான்’ எண்டு பேச விட்டனீங்கள்?”

மடிந்தபடியே இருந்த கொலரை அவர் இப்போதுதான் நிமிர்த்தினார். பிறகு, “அவ கதைக்கிறதை ஒருக்காக் கேக்க ஆசையாக் கிடந்தது” என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதே நேரம், சொல்லத்தான் வேண்டும், எனக்குக் கோபமும் வந்தது. உங்கட பிள்ளையைக் கேட்க என் பிள்ளைதானா கிடைத்தாள் என்று வாய்வரை வந்தது. அவருக்கு அது என் முகத்தில் தெரிந்திருக்கும். இறங்கும்போது, “பிழை விட்டிட்டன் தங்கச்சி. இனி ஆரணியைக் கொண்டு பேச வைக்கமாட்டன்” என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. தேவன் அண்ணையிடம் போய்ப் பேச்சைத் திருப்பிக் கேட்டார். அதற்குள் அது பல ஊர்களுக்குப் போய்விட்டிருந்தது. கடைசியில் ஒரு பந்தியும் ஒட்டியிருந்தார்கள். அவர் எழுதாத பந்தி. தாகத்தில் இருக்கிற ஒன்பது வயதுப் பிள்ளை திடீரென்று செந்தமிழுக்கு மாறி, என் குருதி விழுந்த மண்ணில் நாளை நம் கொடி பறக்கும், நான் மீண்டும் பிறப்பேன் என்று சூளுரைக்கும். கைதட்டல் அந்த இடத்தில்தான் விழும். ஆசிரியர் அறையில் நடந்த அந்த வாக்குவாதத்துக்கு நானும் சாட்சி.

“அண்ணை, அது இப்ப உங்கட மட்டும் இல்லை. எங்கட இனத்தின்ரை” என்றார் தேவன் அண்ணை.

“எடுங்கோ. முழுக்க எடுங்கோ. ஆனா அந்தக் கடைசியை வெட்டுங்கோ. என்ரை பிள்ளைக்கு நாடு தெரியாது தம்பி. அவ தண்ணிதான் கேட்டவ.”

“அதைச் சொல்லாட்டி இந்தப் பிள்ளையளுக்கு என்ன விளங்கும்? இஞ்ச பிறந்ததுகள். இன்னும் பத்து வருசத்தில தாங்கள் ஆரெண்டு தெரியாமல் போயிடுங்கள்.”

தேவன் அண்ணையை நான் கெட்டவராகக் காட்ட வரவில்லை. அவருடைய தம்பி ஒருவன் போராடப் போய்த் திரும்பி வராதவன். பதினைந்து மணிநேரம் வேலை செய்துவிட்டு மண்டபத்துக்குக் கதிரை அடுக்குகிற மனிதர் அவர். அவர் சொன்னதும் என் பயந்தான். பிள்ளை மறந்துபோவாளோ என்று ஒரு பயம். நினைத்து நினைத்தே தன்னைத் தொலைத்துவிடுவாளோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நான் எத்தனை மே மாதம் இடியப்பத்துக்கு மாக் குழைக்கும்போது அழுதிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தப் பந்தியை அவர்கள் வெட்டவில்லை. அன்ரன் அண்ணை நினைவேந்தலுக்குப் போவதை நிறுத்தவுமில்லை. பேச்சு வரும்போது மட்டும் எழும்பி வெளியே போய் மழையானாலும் குளிரானாலும் நிற்பார். முடிந்ததும் உள்ளே வந்து மெழுகுதிரி ஏற்றுவார்.

ஆரணி அவரோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்றாள். “அங்கிள், அவ எப்பிடி?” என்று கேட்டாள். கதவு திறந்துதானே இருக்கும். எனக்கு அடுத்த அறையில் எல்லாம் கேட்டது. அன்றுதான் அவர் தன் வாயால், தன் ‘நான்’ஆக, சொல்லத் தொடங்கினார். யுத்தம் சொல்லவில்லை. அவவுக்கு ஆட்டுக்குட்டிக்குப் பயம் என்றார். பல் தீட்டாமல் தீட்டினேன் என்று பொய் சொல்லுவா, தூரிகையை நனைத்தும் வைத்துவிடுவா என்றார். பக்கத்து வீட்டுப் பெடியனின் காதைக் கடித்துவிட்டா, நான் போய் மன்னிப்புக் கேட்டேன் என்றார். பஸ் கொண்டக்ரராக வரவேண்டும் என்பதுதான் அவவின் ஆசை, விசில் ஊதலாமாம். ஆரணி சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் அடுத்த அறையில் இருந்துகொண்டு, இதாவது பிள்ளைக்கு நல்லதா, இது இன்னும் பெரிய பாரமாகிவிடுமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே வருடங்கள் போயின. பெயரை மட்டும் அவர் சொல்லமாட்டார். ‘அவ’ என்றுதான் சொல்லுவார்.

ஆரணி தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் படுக்கப் பழகினாள். குடியுரிமையும் வந்தது. இப்போது தாதிப் படிப்பின் கடைசி வருடத்தில் நிற்கிறாள். ஒருநாள் அன்ரன் அண்ணையிடம் சொன்னாள், “ஓகஸ்ட் முதலாந் திகதி, சுவிஸின்ரை தேசிய நாளில, நான் கடதாசி விளக்குப் பிடிச்சுக்கொண்டு நடக்கேக்க நீ ஆரெண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை அங்கிள். மே மாசம் எங்கட ஆக்கள்தான் கேக்கினம்.” அவர், “கேக்கட்டும். நீ ஆறுதலாச் சொல்லு. பரீட்சையே இது?” என்றார்.

இனி செத்தவீட்டுக்கு வருகிறேன். தேவன் அண்ணை கேட்டதை ஆரணிக்குச் சொல்லாமல் மறைக்கத்தான் நினைத்தேன். அவர் அவளுக்கே அடித்துவிட்டார். அவள் ஓம் என்றுவிட்டாள். எனக்கு நித்திரை போயிற்று. “பேசினா பழையபடி உனக்குள்ள அது வந்திடும், பேசாட்டி சனம் உன்னைத் துரோகியெண்டு சொல்லும். வேண்டாமடி, சுகமில்லையெண்டு சொல்லிவிடு” என்று கெஞ்சினேன். “அம்மா, நான் என்ன பேசப்போறன் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை” என்றாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் கூடினோம். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். ஆரணி ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். முன்வரிசையில் சில அம்மாமார் முன்கூட்டியே கண் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துவிட்டார்கள். அவள் தொடங்கினாள்.

“என்ரை பேர் ஆரணி. நான் பேர்னில பிறந்தனான். நான் அங்கை இருக்கேல்லை. குண்டு விழுந்ததை நான் காணேல்லை. நீங்கள் கேட்ட பேச்சில வாற பிள்ளை நான் இல்லை. அது அன்ரன் அங்கிளின்ரை மகள்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. அவள் அதற்கு இடம் கொடுக்காமல் ஆட்டுக்குட்டியைச் சொன்னாள். நனைத்து வைத்த பல்தூரிகையைச் சொன்னாள். பெடியனின் காதைக் கடித்ததைச் சொன்னதும் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு அழுதும்விட்டார்கள். விசில் ஊத ஆசைப்பட்டதைச் சொன்னாள். பிறகு, “அங்கிள் தண்ணி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தவர். பேச்சில அது இல்லை. அவர் தண்ணியோட வந்தவர்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கைதட்டல் இல்லை. எங்கே தட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வெளியே தேவன் அண்ணை அவளை மறித்தார். கண் சிவந்திருந்தது, கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது. “நான் அங்கை இருக்கேல்லை, நான் காணேல்லை எண்டு சபையில சொல்லிப்போட்டாய். அப்ப நீ ஆர் பிள்ளை? சுவிஸ்காரியோ?” என்று கேட்டார். நான் இடையில் புகுந்து மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன்.

“சுவிஸ்காரிதான் மாமா. தமிழும்தான். அதைவிட, அவர் சொல்லக் கேட்ட ஆள் நான். எனக்குத்தான் சொன்னவர்” என்றாள் ஆரணி.

தேவன் அண்ணை அவள் தலையில் கையை வைத்துவிட்டு, கார் நிறுத்திய பக்கம் போனார்.

எனக்கு இன்னும் பயம் போகவில்லை. அடுத்த மே மாதமும் ஏதோ ஒரு மண்டபத்தில் ஒரு பிள்ளை ஏறி அந்தக் கடைசிப் பந்தியோடு பேசும் என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்த எனக்கு வலுவில்லை. அன்ரன் அண்ணையை அறிந்தவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பிள்ளை மேடையை விட்டு இறங்கி வந்ததும் அதைக் கூப்பிட்டு, அதன் சொந்தப் பெயரைக் கேளுங்கள். எங்கே பிறந்தாய், நேற்று என்ன செய்தாய் என்று கேளுங்கள். பிறகு கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

மலரில் போடுவதற்கு அவருடைய மகளின் பெயரைத் தரும்படி என்னைக் கேட்டார்கள். சுவிஸில் எங்கள் ஆட்களில் அது தெரிந்தவர்கள் நானும் ஆரணியும்தான். நான் கொடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். தன் சனத்திடம் ஒருநாளும் சொல்லாத அந்தப் பெயரை, கதவு சாத்திய ஒரு அறையில், அந்நியருக்கு முன்னால் அவர் ஒருமுறை சொன்னார். அன்று பின்னேரம் என் பிள்ளை என்னோடு வீட்டுக்கு வந்தாள்.